கதவோரம் ஒரு பை

பையில் அம்மாவின் மாத்திரைகள் இல்லை.

அவள் இன்னொரு முறை துழாவினாள். டார்ச், உதிரி பேட்டரிகள், தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு விசில், அடையாள அட்டைகளின் நகல்கள், அவளுடைய இரண்டு சுடிதார், பாப்பாவின் கவுன்கள், பாப்பாவின் காய்ச்சல் மருந்து. பாப்பாவின் முயல் பொம்மைக்குக்கூட இடம் கிடைத்திருந்தது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்கு மட்டும் ஒரு துண்டுத் துணி இல்லை.

போன வாரம் நிலம் குலுங்கியதிலிருந்து ஊரில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால்கூட வாசலுக்கு ஓடினார்கள். மறுபடியும் வரலாம், வீட்டுக்கு வீடு ஒரு அவசரப் பை தயாராக இருக்கட்டும் என்று அறிவிப்பு வந்தது. பலர் கேட்டுக்கொண்டதோடு சரி. அவள் கணவன் அன்றைக்கே பையைக் கட்டி, வாசல் கதவோரம் கொக்கியில் மாட்டிவிட்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எது அறுந்து விழும், எது நடுவில் நிற்கும் என்று நாள் முழுக்க யோசிப்பதுதான் பிழைப்பு. அக்கம்பக்கத்தில் அவனுக்கு 'அபாய மணி' என்றே பெயர்.

பையோடு விட்டானா? தினமும் வேலை முடிந்து வந்ததும் படிக்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, நாலாவது மாடியிலிருந்து அவளை இறங்க வைத்தான். பாப்பா இடுப்பில், பை முதுகில், டார்ச் கையில். அவனோ வாசலிலேயே நின்றுகொண்டு, சுவரோரமா இறங்கு, திரும்பிப் பார்க்காதே என்று குரல் கொடுப்பான். கனக்கிறது, நீங்கள் தூக்கினால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். இரண்டு பாட்டிலை வெளியே எடுத்து எடையைக் குறைத்தானே தவிர, பையைத் தன் தோளில் வாங்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் உன்னைப் பட்டாளத்துல சேக்கப் போறாரா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அக்கா.

அவளும் சேர்ந்து சிரித்தாள். அதெல்லாம் பையைத் திறந்து பார்க்கும்வரை.

அவன் வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும் முன்பே பிடித்துக்கொண்டாள். அம்மாவின் மருந்து எங்கே என்றாள். எல்லாவற்றையும் ஒரே பையில் அடைத்தால் தூக்க முடியாது என்று முகம் கொடுக்காமல் கை கழுவப் போனான். அவள் விடவில்லை. கரண்ட் போனால் லிஃப்ட் நின்றுவிடும். லிஃப்ட் பழுதான அன்று அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மேலே ஏற்ற நாலு ஆட்கள் திணறினார்களே, அதை மறந்துவிட்டீர்களா என்று பின்னாலேயே போனாள்.

"அத்தைக்கு வேற ஏற்பாடு இருக்கு."

"என்ன ஏற்பாடு?"

அவன் சோப்பை இரண்டாவது தடவையாகக் கையில் தேய்த்தான்.

இத்தனை நாள் ஒத்திகை எதற்கென்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நகர முடியாதவளை விட்டுவிட்டு மற்றவர்கள் தப்பித்துப் பழகுவதற்கு.

"உங்க அம்மாவா இருந்தா இப்படி விட்டுட்டுக் கிளம்புவீங்களா?"

அவன், லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்கிறது, கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அலமாரிப் பாத்திரங்கள் தாமாகக் கலகலத்தன. தரை ஒரு பக்கம் சரிந்து மீண்டது. விளக்கு அணைந்தது.

பழக்கம்தான் வேலை செய்தது. பாப்பாவை இடுப்பில் அள்ளினாள். பையை முதுகில் போட்டாள். டார்ச் கைக்கு வந்தது. கதவைத் திறந்ததும் படிக்கட்டில் தடதடவென்று ஆட்கள் இறங்குவது கேட்டது. சுவரோரமாக இறங்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, எல்லாம் நினைவிருந்தது. கால்கள் மட்டும் அம்மாவின் அறைக்குத் திரும்பி ஓடின.

அம்மா விழித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்தபோது, கட்டிலுக்கடியில் முழங்காலில் ஏதோ இடித்தது. டார்ச்சைத் திருப்பினாள்.

இன்னொரு பை.

இழுத்துத் திறந்தாள். அம்மாவின் மாத்திரைகள், டயாபர் கட்டு, உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர் பாட்டில், ஒரு விசில். அடியில் கைவிட்டாள். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, அவன் சவரம் செய்யும் ரேசர்.

முதுகில் இருந்த பையில் அவனுடைய ஒரு கைக்குட்டைகூட இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா குழறிக் குழறிப் பேசினாள். வீட்டாருக்கு மட்டும் புரியும் பேச்சு அது.

"மாப்பிள்ளைகிட்ட எவ்வளவோ சொல்லிட்டேன், நீங்களும் போயிடுங்கன்னு. கேக்கல. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டார். தெரிஞ்சா நீ இறங்க மாட்டியாம்."

வெளியே எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்த படிக்கட்டில், ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் மேலே ஏறி ஓடி வந்துகொண்டிருந்தது.