நாற்பத்திரண்டு நூல்

"பொய்யா ஒரு நூல் கட்டறவங்ககூட நம்ம குழுவுல இருக்கக் கூடாது டெலித். அது யாரா இருந்தாலும் சரி."

மெய்ரியன் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார். டெலித் கையிலிருந்த சிவப்புக் கம்பளி நூல்கண்டைக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

சனிக்கிழமை காலையிலிருந்து இருவரும் கெத்தினின் பண்ணையைச் சுற்றிய கருமுள் செடி வேலியை அங்குலம் அங்குலமாகத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி, கருமுள் செடியின் இளங்கிளையில்தான் முட்டையிடும். குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளி, குளிர்காலம் முழுக்க அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை கிடைத்த கிளையில் ஒரு துண்டு நூல் கட்டுவது பட்டாம்பூச்சிக் குழுவின் வழக்கம்.

திங்கட்கிழமை வேலி வெட்ட டிராக்டர் வருகிறது. "இருபது நூல் இருந்தா இந்த வருஷம் வேலியைத் தொடல. ரெண்டு மூணுக்கெல்லாம் பார்த்துட்டு இருக்க முடியாது" என்று கெத்தின் கறாராகச் சொல்லிவிட்டான். பொழுது சாயப்போகிறது. கிடைத்தது மூன்று.

பள்ளத்தாக்கில் மற்ற வேலிகளையெல்லாம் மொட்டையடித்தாயிற்று. இதுவும் போனால் அடுத்த ஆகஸ்டில் அந்தப் பட்டாம்பூச்சி இங்கே இருக்காது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டெலித், அதை முதன்முதலில் பார்த்ததே இந்த வேலியில்தான். பிள்ளைகள் கத்தக் கத்த வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பதினேழுதானே. நம்ம கண்ணுல படாம எத்தனையோ இருக்கும்" என்றாள்.

"இருக்கும். ஆனா படலையே."

"கெத்தினுக்கு முட்டைன்னா காலையில ரொட்டியோட சாப்பிடறது மட்டும்தான் தெரியும். எண்ணிப் பார்க்கவா போறான்?"

"நான் எண்ணிட்டேனே."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. கார்மார்த்தன் சந்தையில் முப்பது வருஷம் எடை, அளவு சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அரை அவுன்ஸ் குறைந்தாலும் சொந்த மச்சான் என்றுகூடப் பார்க்கமாட்டார்.

கிளம்பும்போது அவருடைய மஞ்சள் மஃப்ளர் முள்ளில் மாட்டிக்கொண்டது. மெய்ரியன் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு இழைகூடப் பிரியாமல் நிதானமாக விடுவித்தார். மறைந்த மனைவி நெஸ்ட் பின்னியது. கழுத்தை மூன்று சுற்று சுற்றியும் இடுப்பு வரை தொங்கும்.

"அளவு இன்ஸ்பெக்டர் பொண்டாட்டி அளவே பார்க்காம பின்னியிருக்காங்க" என்றாள் டெலித்.

"அதைச் சொன்னா இன்னும் ஒரு முழம் சேர்த்துப் பின்னுவா" என்று சிரித்தார் அவர்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில், பேருந்தை எடுக்குமுன் டெலித் வேலிக்கு வந்தாள். பையில் நூல்கண்டு இருந்தது. இரண்டு நாள் யோசித்து முடிவெடுத்துவிட்டாள். மெய்ரியன் மூஞ்சியில் விழிக்க முடியாமல் போகும், குழுவை விட்டுத் துரத்துவார், துரத்தட்டும். வேலி பிழைத்தால் போதும்.

ஆனால் வேலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிளைக்குக் கிளை பல சுற்றுச் சுற்றிய நூல் முடிச்சுகள். புல், முள், நூல் எல்லாவற்றின் மேலும் உறைபனி படிந்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

வேலியின் நடுவில், கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு மெய்ரியன் நின்றிருந்தார். டெலித் அவரிடம் ஓடினாள். இந்த மனுஷன் இப்போது கெத்தினிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்.

"நான் கட்டல மெய்ரியன். சத்தியமா."

"தெரியும்."

அடுத்த வார்த்தை பேசுவதற்குள் டிராக்டர் வந்து நின்றது. கெத்தின் எட்டிப் பார்த்தான்.

"என்ன மெய்ரியன், தேறிச்சா?"

டெலித் மெய்ரியனைப் பார்த்தாள்.

"நூல் நாற்பத்திரண்டு. எண்ணிப் பார்த்துக்கோ."

"நீங்க எண்ணினதை நான் எண்ணவா? எங்கப்பா கடைத் தராசையே மூணு தடவை திருப்பி அனுப்பின ஆளாச்சே நீங்க." கெத்தின் ஒரு கணம் வேலியைப் பார்த்தான். "சரி, பூச்சிங்க பிழைச்சுப் போகட்டும்."

டிராக்டர் திரும்பிப் போனது. டெலித்துக்குக் கண் கலங்கிவிட்டது. மெய்ரியன் பதிவுத் தாளை எடுத்து, குளிரில் விறைத்த விரல்களால் மெதுவாக எழுதினார். எட்டிப் பார்த்தாள். 'முட்டை: 3.'

"மூணா? இப்பத்தானே நாற்பத்திரண்டுன்னீங்க?"

"நூல் நாற்பத்திரண்டு. முட்டை மூணுதானே? தாள்ல பொய் எழுத முடியாது." பூதக்கண்ணாடியையும் தாளையும் அவள் கையில் வைத்தார். "இனிமே குழுவை நீ பார்த்துக்கோ. நான் விலகிக்கறேன்."

"என்ன மெய்ரியன் இது? நான் கட்டலைன்னு சொன்னேனே."

"தெரியும்னு நானும் சொன்னேனே."

வெயில் வேலிமேல் ஏறியது. பனி உருகிச் சொட்டச் சொட்ட, மூன்றே மூன்று நூல் சிவப்பாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் நிறம் காட்டின.

பேனாவை உள்பையில் வைக்க மெய்ரியன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். நெஸ்ட் பின்னிய மஃப்ளர் அவர் கழுத்தில் ஒரு சுற்றுக்குக்கூட எட்டவில்லை.