கூரைமேல் பெய்யும் மழை

ராயபுரத்தில் மெர்லின் வீட்டு முன்னறையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க, கண்ணுங்களா. வெளியே மாலை வெயில் காய்கிறது. உள்ளே பழைய டிவியில் மட்டும் மழை பெய்துகொண்டிருக்கிறது. திரையில் தெரியும் ஓட்டுக் கூரைமேல், எதிரி யாரும் வராத ஒரு மூலையில், கட்டைவிரல் அளவு நிஞ்சா வீரன் ஒருவன் வாளோடு நிற்கிறான். கழுத்தில் சுற்றிய சிவப்புத் துணி காற்றில் படபடக்கிறது. சோகமான ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. மெர்லினின் கணவன் வில்சன், விசைப்படகில் கடலுக்குப் போகும்போது அவனை அங்கே நிறுத்திவிட்டுப் போனான். பழைய கேசட் வீடியோ கேம்; அணைத்தால் ஆடியதெல்லாம் அழிந்துவிடும். பல நாளாகியும் படகு திரும்பவில்லை. இனி அவன் வரமாட்டான், இன்று சாயங்காலம் வில்சனுக்கு ஜெபம் என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்.

வில்சனின் அம்மா சிலுவையம்மாள் சுவிட்சில் கை வைக்கிறாள். “ஜனம் வந்துகினு கீது. சாவு வூட்ல டிவி ஓடலாமாடி?”

“வாணாம் அத்தே. அணைச்சா அவரு வந்து மொதல்லேர்ந்து ஆடணும்.”

“கல்யாணம் ஆயும் பொம்ம ஆடுனவன் எம்புள்ள. அப்டி இன்னாதான் கீது இதுல?”

“சண்டைக்கு இல்ல அத்தே. இந்த மழையைப் பாக்கத்தான் ஆடறேன்னுவாரு.”

சிலுவையம்மாள் திரையையே பார்க்கிறாள். அந்தச் சின்ன உருவத்தின் தோள், மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குகிறது. அவள் சத்தத்தை மட்டும் குறைக்கிறாள். கொடியில் கிடக்கும் வில்சனின் கைலியை எடுத்து, நனைகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோல டிவிமேல் போர்த்துகிறாள். கைலிக்கு உள்ளே மழை விடாமல் பெய்கிறது.