நூற்று எண்பத்தாறாம் நாள்

"நூத்தி எண்பத்தாறு. நம்பிக்கையில்லாட்டி நீங்களும் எண்ணிப் பாருங்க."

ஸஹீதா போன வருசக் கலண்டரையும் இந்த வருசக் கலண்டரையும் கழற்றிப் புருசனின் மடியில் போட்டாள். ஆவணியில் கடைசி மருந்து ஏற்றிய நாளிலிருந்து இந்த மாசி வரை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பென்சில் புள்ளி. அசனார் எண்ணவில்லை. வாவியில் வலை போடுகிறவன். நாள் எண்ணுவது அவள் வேலை.

"அப்ப ஆறு மாசம் தாண்டிட்டு. இனிப் பயமில்லதானே புள்ள?"

"பயமில்ல. இனி வந்தாலும் பழைய மருந்துதான்."

ஸஹீதாவுக்குச் சூலகத்தில் புற்றுநோய். பிளாட்டினம் சேர்ந்த மருந்தை ஆறு தடவை ஏற்றினார்கள், கட்டி கரைந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு கணக்குச் சொன்னார். ஆறு மாதம் தாண்டி நோய் திரும்பினால் அதே மருந்துக்குக் கேட்கும். அதற்கு முன் திரும்பினால் பெரும்பாலும் கேட்காது. வேறு மருந்துதான்.

வேறு மருந்து என்றால் ஸஹீதாவுக்குக் கேதீஸ்வரிதான் நினைவுக்கு வருவாள். கதிரவெளிக்காரி, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். அவளுக்கு மூன்றாம் மாதமே திரும்பியிருந்தது. கிழமைக்கு ஒரு தரம் வேறு மருந்து ஏற்றினார்கள். ஸஹீதா தன் ஆறாவது தடவைக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

"இதென்ன பை?"

"இறால். டொக்டருக்கு."

"கிளினிக்குக்கு இறாலோட வாற மனிசன் நீங்க ஒராள்தான். மணத்துக்கே நம்மள வெளியில விடுவாங்க."

"ஐஸ் போட்டிருக்கு. உன்ன உசிரோட தந்த மனிசிக்கு ஒரு கறிக்கு இறால் குடுக்கப்படாதா?"

"குடுங்க. அதுக்கு நல்ல சாரன் ஒண்டு உடுத்துக்கிட்டுக் குடுக்கலாமே."

"நல்லது எங்க கிடக்கு? அந்த நீலக் கட்டம் போட்டதத்தான் நீ துலைச்சுப்போட்டாய்."

"மார்கழி வெள்ளத்தில கொடியோட போனதுக்கு நானா பொறுப்பு?"

"கிழிஞ்ச இடத்த சிவப்பு நூலால தைச்சுத் தந்தாய். பாத்தவனெல்லாம் சிரிச்சான். எண்டாலும் அதுமாதிரி ஒண்டு இன்னும் கிடைக்கல்ல."

அவள் சிரித்தாள். அபாயாவைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

பஸ் நிலையத்தில் அசனார் தேத்தண்ணியும் வடையும் வாங்கினான். அவள் வேண்டாம் என்றாள்.

"இண்டைக்கு நோன்பு."

மார்கழியிலிருந்து திங்களும் வியாழனும் அவளுக்கு நோன்புதான். மற்ற நாளிலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. சுகம் தந்த அல்லாஹ்வுக்கு நன்றி என்றாள். முகம் ஒடுங்கியது அதனால்தான் என்று அசனார் எண்ணினான். நோன்புக்காரியை ஏசக்கூடாது என்று விட்டுவிட்டான். தை மாதக் கிளினிக்கையும் றோட்டில் தண்ணி நிற்கிறது என்று அவள்தான் தள்ளிப்போட்டாள். அப்போது பஸ் ஓடியது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியைக் கண்டு சலித்துவிட்டாள் என்று அதையும் விட்டுவிட்டான்.

கிளினிக்கில் அவளைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். அசனார் வெளியே இறால் பையோடு நின்றான். பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைச் செருப்பால் மறைத்தான்.

உள்ளே டொக்டரின் குரல் சட்டென்று தணிந்தது.

"வயிறு எப்ப இருந்து இப்பிடி ஊதியிருக்கு?"

"மூணு நாளா."

அசனார் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டப் போனான்.

"ஆறு மாசம் முடிஞ்சுதான் தொடங்கினது, டொக்டர்" என்றாள் ஸஹீதா, பாடமாக்கி வைத்ததுபோல. "பழைய மருந்தையே ஏத்தலாம்தானே?"

"இது மூணு நாள்ல சேர்ற தண்ணி இல்ல, ஸஹீதா."

"மூணு நாள்தான்."

"இஞ்ச பாருங்க. ஆறு மாசம் எண்டது எங்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். கட்டி கலண்டர் பாக்கிறதில்ல. முன்னமே திரும்பியிருந்தா, கேக்காத மருந்த ஏத்தி உங்கட உடம்பத்தான் கெடுப்பன். தெம்பு இருக்கக்குள்ள மற்ற மருந்தத் தொடங்கணும்."

"கேதீஸ்வரிக்குக் குடுத்தது எனக்கு வேணாம் டொக்டர்."

"அவவக் கொண்டுபோனது அந்த மருந்தில்ல. அவ வரக்குள்ளயே பிந்திட்டு."



"மூணு நாள்தான்" என்றாள் மறுபடியும்.

டொக்டர் திரையை விலக்கி வெளியே வந்தார்.

"நீங்க சொல்லுங்க. வீட்டில பாக்கிற ஆள் நீங்கதானே. எப்ப இருந்து?"

"அவருக்கும் தெரியும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சொல்லுங்க, மூணு நாள் எண்டு."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் கேட்கிறாள். மூன்று நாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

அப்போது தாதி வந்து சுருட்டிய துணியொன்றை அவன் கையில் வைத்தாள். "இத வீட்ட கொண்டு போங்க. இனிக் கட்ட விடாதீங்க. இடுப்பில இறுக்கிச் சுத்தியிருக்கிறா, தோலெல்லாம் தழும்பு."

துணி அவள் உடம்புச் சூட்டோடு இருந்தது. நீலக் கட்டம். ஓரத்தில் சிவப்பு நூல் தையல்.

"ரெண்டு மாசம், டொக்டர்" என்றான் அசனார்.