மூல மடல்

பரிதி பல் விளக்கினான், பாலைக் காய்ச்சினான், சட்டைக்கு இஸ்திரி போட்டான். பிறகு மின்னஞ்சலைத் திறந்தான்.

அவன் மனைவி யாழினி, மாரடைப்பை முன்கூட்டியே சொல்லும் கருவி செய்யும் கம்பெனியில் இருந்தாள். எந்த அறிகுறிகளைக் கருவி கவனிக்கிறது என்பதுதான் அவர்களின் தொழில் ரகசியம். உள்ளே போனுக்கு அனுமதியில்லை. வீட்டுக்கு எழுதும் மடலையும் கம்பெனியின் கணினிக் காவல் நிரல் படித்து, ரகசியம் கசியும் வரிகளை மாற்றி எழுதித்தான் வெளியே விடும்.

அவள் ஆபீஸ் நாற்காலியிலேயே இறந்துபோன அன்று அவனுக்கு வந்த மடல்: "வேலை அதிகம். நீ சாப்பிட்டுத் தூங்கு." அவனும் தூங்கிவிட்டான்.

நேற்று கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. இனி ரகசியமில்லை என்று அவள் கடைசியாக எழுதிய மூல மடலைக் கம்பெனி அனுப்பியிருந்தது.

"டேய் பரிதி, நெஞ்சு அடைக்குதுடா. இடது கை மரத்துப்போச்சு. இங்க யாருமில்ல. கிண்டல் பண்ணாம வண்டியை எடுத்துட்டு வா."