கட்டங்களுக்குள் ஒருத்தி

"இவ கட்டியிருக்கிற சேலையைப் பாருங்க, படத்துல கிடக்கிற துணியைப் பாருங்க! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அழகையா கங்காணி பெரட்டுக் களமே அதிரக் கத்தினார்.

காலையில் பேர் கொடுத்துத் தேயிலை மலைக்கு வேலைக்குப் பிரிய நின்ற கூட்டம் மொத்தமும் அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தது. பச்சைச் சேலை, மஞ்சள் கரை. பங்களா சமையல்கார அப்பு தூக்கி வந்திருந்த படத்திலும் அதே பச்சை, அதே மஞ்சள்.

தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும் அவள் புருஷன் கந்தப்பன், இடுப்புக் கம்பளியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

தோட்டத்துத் துரையின் தங்கை சீமையிலிருந்து வந்து மூன்று மாதமாகப் பங்களாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நேற்றுதான் பண்டாரவளையில் ரயிலேறிப் போனாள். இது அவள் விட்டுப்போன படம்.

படமா அது! ஒரே கட்டமும் முக்கோணமும். மூக்கு ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். கீழே ஒரு கட்டத்தில் கவ்வாத்துக் கத்தியின் வளைவில் ஒரு வெள்ளைக் கோடு. ஒழுங்காக அடையாளம் தெரிந்தது, நாற்காலியில் கிடந்த அந்தச் சேலை மட்டும்தான்.

"சீமையில இப்ப இதானாம் புது மோஸ்தர்" என்றான் அப்பு. "முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணாத் தெரியணுமாம். லயத்து ஆள் ஒண்ணைப் பொட்டுத் துணியில்லாம நிக்க வச்சு வரைஞ்சேன்னாங்க. கூலிக்கு அந்தச் சேலையவே குடுத்துட்டாங்களாம். கதவைச் சாத்திக்குவாங்க, நான் ஆளைப் பாக்கல."

"அடிப் பாவி!" பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

"ஐயோ, இது தீவாளிக்கு அவரு பதுளைக் கடையில வாங்கியாந்த சேலை!" அங்கம்மா வெடித்தாள். "ஏங்க, வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

கந்தப்பன் கம்பளியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பாத்தீங்களா, கட்டுன புருஷனே பேச மாட்டேங்கிறான்!" கங்காணி கைகொட்டிச் சிரித்தார். "நல்லவேளை, பொம்பளையாப் போச்சு. எவனாச்சும் ஆம்பளை துரைசானி முன்னால இப்படி நின்னிருந்தா, துரை இந்நேரம் சுட்டே போட்டிருப்பாரு!"

களம் முழுக்கச் சிரிப்பு. அங்கம்மா மட்டும் படத்தின் அருகே போனாள். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் நிமிரவேயில்லை.

"ஆமா, நான்தான் நின்னேன்" என்றாள். "அதுக்கு இப்ப என்னாங்கிறீங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னவா?" கங்காணி சீறினார். "இனிமே மாரியம்மன் கோயில் வாசப்படிய மிதிக்காத! ஒன் பக்கத்து நிரையில எவளும் கொழுந்தெடுக்க மாட்டா. இன்னிக்கு ஒனக்கு வேலையும் கெடையாது, போ!"

நேற்றுவரை அவளோடு ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்ற பெரியாயி, காறித் துப்பிவிட்டுக் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டாள். அங்கம்மா யாரையும் பார்க்காமல் நடந்தாள். பத்தடி தள்ளிக் கந்தப்பன் போனான். இப்படியொரு அவமானத்தோடு அந்த வழியில் அவன் நடந்ததேயில்லை.

லயத்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். பழைய சேலையை உடுத்திக்கொண்டு, பச்சைச் சேலையைச் சுருட்டி அடுப்பில் திணித்தாள். கந்தப்பன் மூலையில் குந்தியிருந்தான்.

"அங்கம்மா..." என்று ஆரம்பித்தான்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க தொடைத் தழும்பு படத்துல நல்லாத்தான் விழுந்திருக்கு."