தொண்ணூறு கேள்விகள்

"இன்னும் மாமா ஆவல. ஐயான்னே கூப்புடு. மொறையெல்லாம் பாஸ் பண்ணப்புறம் வெச்சிக்கலாம்" என்றார் கமலக்கண்ணன்.

இனியவன் சிரித்துவிட்டு, "சரிங்கய்யா" என்று பென்சிலை வாங்கிக்கொண்டான்.

நெல்லித்தோப்பு வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம், கமலக்கண்ணனின் மூத்த மகள் கலைமகள், கேள்வித்தாளும் கடிகாரமுமாக.

கலைமகள் தொழில் உளவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. கம்பெனிக்கு ஆள் பொறுக்கும் படிப்பு என்று கமலக்கண்ணன் தெருவுக்கு விளக்கம் சொல்வார். மில்லில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். அவர் முகத்தைப் பார்த்து ஆள் எடுத்தார். மகள் தாளை வைத்து எடுக்கிறாள். அதில் அவருக்குப் பெருமைதான்.

வைத்திக்குப்பத்துப் பையனைத்தான் கட்டுவேன் என்று சின்ன மகள் கவிநிலா மூன்று நாள் பட்டினி கிடந்தாள். மச்சான் ராமலிங்கத்தை நடுவில் உட்காரவைத்து, கமலக்கண்ணன் ஒரே பேச்சாகச் சொன்னார்:

"இவ அக்கா பரீட்சை வெக்கட்டும். தேறிட்டான்னு அவ சொன்னா கல்யாணம். தேறலன்னா, அவன் பேர இந்த வூட்ல எடுக்கக் கூடாது."

கவிநிலா எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டாள். அக்கா கையில் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

அப்பா சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும். மில்லை இழுத்து மூடிய பிறகும் கமலக்கண்ணனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

முப்பதாவது கேள்வியில் இனியவன் தலையைத் தூக்கினான்.

"கூட வேலை செய்றவன் தப்பு பண்ணா மேல சொல்லிடுவேன்னு போட்ருக்கு. சொல்றது நல்லதாக்கா, கெட்டதா?"

"நான் சொல்லக் கூடாது. ஒங்களுக்கு எது தோணுதோ அதுல கோடு போடுங்க."

"மொதல்ல அவன்கிட்ட இல்ல கேக்கணும்" என்று முனகிக்கொண்டே, 'இல்லை' என்பதற்கு நேராகக் கோடு போட்டான்.

சுவரோரம் நாற்காலியில் இருந்த கமலக்கண்ணனுக்கு அது பிடித்தது. பிடித்ததில் எரிச்சலும் வந்தது. பையன் படகு எஞ்சின் மெக்கானிக். நகத்தடியில் கிரீஸ் போகவில்லை, ஆனால் தாளில் ஒரு கறை இல்லை. மில்லாக இருந்தால் அன்றைக்கே டோக்கன் கொடுத்து உள்ளே அனுப்பியிருப்பார்.

தேறினால் தேறட்டும். சொன்னபடி செய்துவிட்டுப் போவோம். அவர் அதற்கும் தயாராகிவிட்டிருந்தார்.

தொண்ணூறும் முடிந்தது.

"வெளிய வண்டிகிட்ட நில்லுப்பா, கூப்புடுறேன்" என்று கமலக்கண்ணன் அவனை அனுப்பினார்.

மதிப்பெண் போட ஓர் அட்டை உண்டு. அட்டை முழுக்கத் துளைகள். விடைத்தாளின் மேல் அதை வைத்து, துளைகளில் தெரிகிற கோடுகளை எண்ண வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். முந்தின நாள் கலைமகளே அவருக்குச் செய்துகாட்டியிருந்தாள்.

அட்டை அவள் பையை விட்டு வெளியே வரவில்லை.

அவள் விடைத்தாளை நாலாக மடித்தாள்.

"தேறலப்பா."

"நீ இன்னும் எண்ணவே இல்லியே?"

கலைமகள் நிமிர்ந்து பார்த்தாள். குரல் கொஞ்சமும் ஏறவில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்ன, நான் கட்டிக்கணும்னு இருந்த கலைவாணன வாசலோட பேசி அனுப்புனீங்க. ஒங்களுக்கு யாரு வந்து சொன்னதுன்னு நான் கேட்டனா? இன்னிக்கு நீங்களும் கேக்காதீங்க."

அட்டையை எடுத்து வைத்து எண்ணு. அவ்வளவு சொன்னால் போதும். கமலக்கண்ணன் சொல்லவில்லை. தேறிட்டான்னு அவ சொன்னா என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு. அவள் சொல்லிவிட்டாள்.

வாசலுக்குப் போனார். இனியவன் வண்டி சீட்டிலிருந்து அவசரமாக இறங்கினான்.

"தேறல. வேற எடம் பாத்துக்கப்பா."

பையன் அவர் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

"வரேங்கய்யா."

வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பியது. உள்ளே கவிநிலாவின் குரல் கேட்டது.

"எத்தினி மார்க்குலக்கா போச்சி?"

"பதினோரு மார்க்குடி. எனக்கே மனசு கேக்கல."

"நீ என்னக்கா பண்ணுவ, பேப்பர்ல அப்படி வந்தா" என்று கவிநிலா அக்காவின் தோளில் விழுந்தாள். அழுகையில் அவள் முதுகு குலுங்கியது. கலைமகள் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவசரமே இல்லாமல், நெற்றியிலிருந்து பின்னல் வரை.

கமலக்கண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

கலைவாணனை அனுப்பிய அன்றும் இரண்டு பேரும் இப்படித்தான் நின்றார்கள். அன்று அழுதவள் பெரியவள். தடவிக்கொடுத்தவள் சின்னவள்.

அதற்கு முந்தின நாள் மாலை, புத்தகப் பையும் தானுமாகக் கவிநிலா அவர் சைக்கிளை ரோட்டில் மறித்தாள். அக்காவும் கலைவாணனும் பழகுவதை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்னு அக்காவுக்குத் தெரியவே கூடாதுப்பா. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக்கொடுத்தார்.