பாதிக்கு மேல், பாதிக்குக் கீழ்

"அந்தப் பலகையையும் பிடுங்கு! இன்னும் வீடு மாதிரியேதான் இருக்கு!"

ஒடலி கத்த, அவள் புருஷன் அல்சீட் கடப்பாரையைச் செருகி இழுத்தான். நேற்று முழுக்க வியர்க்க விறுவிறுக்க அவனே அடித்த பலகை கிறீச்சென்று கழன்று வந்தது. பின்னால் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, ஊறிப்போன சுவர்.

"நேத்து அடி அடின்ன, இன்னைக்குப் பிடுங்கு பிடுங்குங்கிற. உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு இதே பொழப்பு."

"நான் என்னய்யா பண்ணட்டும்? சட்டம் எழுதினவனைப் போய்க் கேளு!"

கேட்டால் நல்லதுதான். புயல் கரையைக் கடந்து பன்னிரண்டு நாளாகிறது. லூசியானாவின் தென்கோடியில் இருக்கிற அந்த இறால்பிடி ஊரில் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: பாதி. சேதம் வீட்டு மதிப்பில் பாதிக்கு மேல் என்றால், மொத்த வீட்டையும் பத்தடித் தூண்மேல் ஏற்றினால்தான் பழுதுபார்க்க மாவட்டம் அனுமதி தரும். பாதிக்குக் கீழ் என்றால் மாநில அரசின் உதவி கிடையாது.

தூணில் ஏற்ற இவர்களுக்கு வக்கில்லை. உதவி இல்லாமல் கூரை போடவும் வக்கில்லை. ஆகவே வீடு காலையில் நன்றாக இருந்தாக வேண்டும், மத்தியானம் இடிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் ஹூஸ்டனில் மருமகன் வீட்டு சோபாதான் கதி.

காலை ஆட்டத்தை ஒடலி ஆடி முடித்துவிட்டாள். கரும்புக் காட்டில் போய் ஒதுங்கிய படகைப் பார்க்க அல்சீட் போயிருந்த நேரத்தில், மஞ்சள் தொப்பி போட்ட மாவட்ட அதிகாரி வந்தார். தண்ணீர் நின்ற கறைமேல் மாதா படம், ஊறிய தரைமேல் கம்பளம். வாசலில் மூன்றாவது படி ஆடுகிறதே என்றதற்கு, "அது என் மாமியார் காலத்துலேர்ந்தே ஆடுது சார், பாத்துக் காலை வைங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். அல்சீட் திரும்பி வந்ததும் அத்தனையையும் அவனிடம் பெருமையாக ஒப்பித்தாள்.

"இப்ப உன் முறை. ரெண்டு மணிக்கு மாநில ஆளு வர்றான். கொஞ்சம் அழு. நான் போய் மாதா கோயில்ல சும்மா குடுக்கிற ஐஸ் வாங்க வரிசையில நிக்கிறேன்."

"எனக்கு அழுகை வராதுடி."

"எங்கம்மா வந்து மூணு மாசம் தங்கினதை நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. நீலத் தொப்பி ஆசாமி இறங்கினார். முன் சீட்டில் ஒரு தலையணை, மடித்த போர்வை. அல்சீட்டுக்கு வயிறு எரிந்தது. ஊரே தூக்கமில்லாமல் கிடக்கிறது, இவன் வேலை நேரத்தில் தலையணையோடு சுற்றுகிறானே!

"ஃபாண்டெனோ. மாநில நிவாரணம்" என்ற அவர், இரண்டு படி ஏறி, மூன்றாவதைத் தாண்டி நான்காவதில் கால் வைத்தார். அல்சீட் அதற்குள் முகத்தைத் துக்கமாக்கி வைத்திருந்தான்.

"அந்தப் படியைப் பாருங்க சார்! பாறை மாதிரி இருந்துச்சு. ஒரே உலுக்குல புயல் ஆட்டிருச்சு."

"புயல்தானா?"

"மாதா சத்தியமா!"

உள்ளே போனார்கள். "இங்க பாருங்க, என் மாரு வரைக்கும் தண்ணி. தரையில காலை வெச்சாப் பொதக்குன்னு போகுது. முப்பத்தோரு வருஷம் சார்... இதை விட்டா எங்களுக்குப் போக்கிடம் இல்ல." அதைச் சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்து கண் நிறைந்துவிட்டது. மாமியாரை நினைக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஃபாண்டெனோ எழுதி, தாளைக் கிழித்து நீட்டினார். 'சேதம்: பாதிக்கு மேல்.'

அல்சீட்டுக்குப் போன உயிர் வந்தது. காபி கொடுக்காமல் அந்த ஊரில் எதிரியைக்கூட அனுப்ப மாட்டார்கள். "உக்காருங்க சார், ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்."

"ஐயோ, ஆளை விடுங்க. காலையில உங்க வீட்டம்மா குடுத்த காபியே இன்னும் நெஞ்சுல நிக்குது."

காபிப் பானையைத் தொட்ட கை அப்படியே நின்றது. ஆடுகிற படி, ஒடலி விட்ட மாமியார் கதை, தான் செய்த மாதா சத்தியம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன் மண்டையில் இறங்கின. "அப்ப... அந்த மஞ்சள் தொப்பி..."

"புயலுக்கப்புறம் ஆள் பத்தல. மாவட்டத்துக்கு மஞ்சள், மாநிலத்துக்கு நீலம். ரெண்டையும் என் தலையிலயே கட்டிட்டாங்க."

ஃபாண்டெனோ சட்டைப் பையிலிருந்து காலையில் எழுதிய தாளை எடுத்தார். கிழித்துப் போடப்போகிறார் என்று அல்சீட் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது தாள் மேஜைமேல் இருந்தது. 'சேதம்: பாதிக்குக் கீழ். பழுதுபார்க்கலாம்.'

"சார்... ரெண்டுமா?"

"ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல. அது வர்ற ஆளைப் பொறுத்தது."

அவர் மூன்றாவது படியைத் தாண்டி இறங்கினார். அல்சீட் பின்னாலேயே ஓடினான். "எங்களை முன்னப் பின்ன தெரியாது. ஏன் சார் எங்களுக்காக இப்படி...?"

ஃபாண்டெனோ தலையணையை ஒதுக்கிவிட்டு வண்டியில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுக்கு வந்த ஆளு ஒத்துப் பாத்துட்டாருங்க."